சர்க்கரைத் தண்ணீரில் பச்சை மணிகள்: மாணவர்களுக்கான ஒரு நுண்ணோக்கியோடு எட்டு மாதம்

2024 அக்டோபரில் கைக்காசு 14,200 ரூபாய் கொடுத்து இந்த நுண்ணோக்கியை வாங்கினேன். எட்டு மாதம் வாரத்துக்கு இரண்டு நாளாவது பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருந்துகொண்டு, இலைக்குள் இருக்கிற பச்சையை உள்ளே போய்ப் பார்க்க ஆசைப்படுகிற ஆசிரியருக்கோ மாணவருக்கோ இது உதவட்டும்.

எதற்காக வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நான் சொல்லும் நல்லது கெட்டதற்கு அர்த்தம் இருக்காது. பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலில் ஒளிச்சேர்க்கைப் பாடம் வரும். அதில் பசுங்கணிகத்தின், அதாவது இலைச் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை மணியின், படம் இருக்கும். நாணயங்களை அடுக்கின மாதிரி தைலக்காய்டுகள் என்ற தட்டையான சவ்வுப் பைகள், ஒவ்வொரு அடுக்குக்கும் கிரானம் என்று பெயர், அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே ஓடும் சவ்வு, சுற்றிலும் ஸ்ட்ரோமா என்ற கூழ். இருபத்திரண்டு வருடமாக அந்தப் படத்தைக் கரும்பலகையில் பச்சைச் சாக்பீஸால் வரைகிறேன். போன வருடம் ஒரு பெண் எழுந்து, "மிஸ், இத நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். பார்த்ததில்லை என்றேன். கேள்வி நியாயமானது. பள்ளியில் இருக்கும் பழைய ஒற்றைக்கண் நுண்ணோக்கியில் வெங்காயத் தோலும் இலைத்துளையும் தெரியும், பசுங்கணிகம் பச்சைப் புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். அந்தப் புள்ளிக்குள் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

வாங்கியது அம்பாலாவில் செய்த இரட்டைக்கண் நுண்ணோக்கி. ஆய்வகக் கருவிகளுக்குப் பெயர்போன ஊர் அம்பாலா. புதுச்சேரியில் ஒரு கடையில் வாங்கினேன். கடையின் பெயரும் கருவியின் பெயரும் வேண்டாம், ஏன் என்பது பின்னால் புரியும். இந்த விலைக்கு இந்த அமைப்பில் நாலைந்து பெயர்களில் ஒரே மாதிரிக் கருவிகள் கிடைக்கின்றன. 4, 10, 40, 100 என்று நான்கு பொருளருகு லென்ஸ்கள். 10 மடங்கு கண்ணருகு லென்ஸ் ஒரு ஜோடி, 20 மடங்கு ஒரு ஜோடி. கீழே எல்இடி விளக்கு, அதற்கு மேல் ஒளியைக் குவிக்கும், ஏற்றி இறக்கக்கூடிய கண்டென்சர், அதில் ஒளியைக் கூட்டிக் குறைக்கத் திறந்து மூடும் டயஃப்ரம். கண்ணாடி வில்லையைப் பிடித்து முன்னும் பின்னும் இடமும் வலமும் நகர்த்தத் திருகு. தூக்கினால் நல்ல கனம், அது நல்லதுதான். கனமில்லாத கருவி மேசையில் யாராவது கை ஊன்றினாலே ஆடும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 2000 மடங்கு என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாங்கப்போகிறவர்கள் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். 20 மடங்கு கண்ணருகு லென்ஸையும் 100 மடங்கு பொருளருகு லென்ஸையும் பெருக்கி வந்த கணக்கு அது. மங்கலான சின்னப் படத்தை மங்கலான பெரிய படமாக ஆக்குவதைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது. பார்க்க வேண்டிய எண் லென்ஸின் உடம்பில் சின்னதாகப் பொறித்திருக்கும். என்னுடைய 40 மடங்கு லென்ஸில் 0.65 என்றும் 100 மடங்கு லென்ஸில் 1.25 என்றும் இருக்கிறது. எவ்வளவு அகலமான கூம்பில் வரும் ஒளியை அந்த லென்ஸ் வாங்கிக்கொள்ளும் என்பதைச் சொல்லும் எண். ஜெர்மனியின் யேனாவில் எர்ன்ஸ்ட் அபே 1873ல் சொன்ன கணக்கு இன்றைக்கும் இதில்தான் நிற்கிறது: ஒளியின் அலைநீளத்தை இந்த எண்ணின் இரண்டு மடங்கால் வகுத்தால் வருவதுதான் எல்லை. அதைவிட நெருக்கமாக இரண்டு பொருள் இருந்தால் ஒன்றாகத்தான் தெரியும். பச்சை ஒளியின் அலைநீளத்தை 550 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டால் 40 மடங்கு லென்ஸுக்கு 423 நானோமீட்டர் வருகிறது. 100 மடங்கு லென்ஸுக்கு 220. இந்த இரண்டு எண்ணையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலை இருக்கிறது.

முதல் நாள் பார்த்தது வேலம்பாசி. அண்ணனுக்கு நெல்லிக்குப்பம் பக்கம் நிலம் இருக்கிறது. வாய்க்காலில் கிடந்ததை ஒரு பிடி அள்ளி டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தேன். வேலம்பாசியின் இலை இரண்டே அடுக்கு செல் தடிமன்தான், வெட்டவே வேண்டாம். ஒரு இலையைக் கிள்ளி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, மேலே கவர் ஸ்லிப் போட்டால் போதும். 40 மடங்கில் செங்கல் அடுக்கின சுவர் மாதிரி செல்கள், ஒவ்வொரு செல்லிலும் பச்சை மணிகள். ஒவ்வொரு மணியும் ஒரு பசுங்கணிகம், 5 மைக்ரான், அதாவது 5000 நானோமீட்டர், நீளம் இருக்கும். நம் தலைமுடியின் குறுக்கே பத்துப் பன்னிரண்டை வரிசையாக வைக்கலாம்.

சரி, இவ்வளவுதானே என்று டீ போட எழுந்து போனேன். விளக்கை அணைக்க மறந்துவிட்டேன். கால் மணி கழித்து வந்து பார்த்தால் மணிகள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே திசையில், செல்லின் சுவரை ஒட்டியபடி, ஒன்றன் பின்னால் ஒன்றாக. பாடலீசுவரர் கோயில் தேர் மாட வீதியில் வருவது போலத்தான் இருந்தது: நேர் வீதியில் சீராக வந்து, முனையில் கொஞ்சம் தயங்கி, திரும்பி, மறுபடி நேர் வீதி. ஒரு சுற்றுக்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆனது. மணிகளுக்குக் கால் கிடையாது, செல்லுக்குள் இருக்கும் கூழான சைட்டோபிளாசம் ஓடுகிறது, அது இவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. விளக்கு வெளிச்சமும் சூடும் பட்டால் வேலம்பாசியில் இந்த ஓட்டம் வேகம் பிடிக்கும். பாடத்தில் இதற்கு ஒரு வரி இருக்கிறது, நான் ஒரு வரியிலேயே நடத்திக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு முழு வகுப்பு எடுக்கிறேன். இந்த ஒரு காட்சிக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் இதைவிடக் குறைந்த விலைக் கருவியே போதும். 40 மடங்கு லென்ஸ் நன்றாக இருந்தால் சரி.

அப்புறம்தான் சிக்கல் வந்தது. 100 மடங்கு லென்ஸுக்கு எண்ணெய் விட வேண்டும். கவர் ஸ்லிப்புக்கும் லென்ஸுக்கும் நடுவே காற்று இருந்தால் ஓரத்து ஒளியெல்லாம் வளைந்து வெளியே போய்விடும். கண்ணாடிக்கு இருக்கும் அதே ஒளிவிலகல் எண், 1.515, இருக்கிற எண்ணெயை ஒரு சொட்டு விட்டால் ஒளி நேராக லென்ஸுக்குள் போகும். எல்லாம் முறைப்படி செய்தும் பார்வை முழுக்க மார்கழிப் பனி படர்ந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. துடைத்துப் பார்த்தேன், கண்டென்சரை ஏற்றி இறக்கினேன், வேறு வில்லை மாற்றினேன். கடைசியில் லென்ஸைக் கழற்றி, கண்ணருகு லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து உருப்பெருக்கி போல வைத்து அதன் முனையைப் பார்த்தேன். உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால், ஒரு ஓரத்தில் பிறை மாதிரி ஈரம். வரும்போதே ஒட்டு விட்டுப்போயிருந்த லென்ஸ்.

கடலூரிலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரி போனேன். "டீச்சர், நீங்க எண்ணெய அதிகமா விட்டிருப்பீங்க, அதான் உள்ள போயிருக்கு" என்றார் கடைக்காரர். ஒட்டு சரியாக இருந்தால் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் உள்ளே போகாது என்றேன். அங்கேயே அவர் கடையில் இருந்த இன்னொரு கருவியின் லென்ஸை மாற்றிப் போட்டுக் காட்டினேன். பனி இல்லை. அதன்பிறகும் புது லென்ஸ் வர மூன்று வாரம் ஆனது, நான்கு முறை போன் செய்ய வேண்டியிருந்தது. வந்தது நல்ல லென்ஸ், அதற்குப் பணம் கேட்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இதை ஒரு கல்லூரி மாணவர் வாங்கியிருந்தால், தன் கையில்தான் தப்பு என்று நினைத்து அந்த லென்ஸைத் தொடாமலே வைத்திருப்பார். அதுதான் எனக்குக் கோபம். எனவே, எந்தக் கடையில் வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன்னால் அங்கேயே எண்ணெய் விடச் சொல்லி 100 மடங்கில் பாருங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

புது லென்ஸ் வந்த பிறகு செய்ததுதான் நான் இந்தக் கருவியை வைத்துக்கொள்ளக் காரணம்.

முழு இலையில் பசுங்கணிகத்தின் உள்ளே பார்ப்பது கஷ்டம், மேலும் கீழும் இருக்கும் மற்ற மணிகள் மறைக்கும். அதனால் பசுங்கணிகத்தைத் தனியாக எடுக்க வேண்டும். வெறும் தண்ணீரில் இலையை அரைத்தால் தண்ணீர் உள்ளே புகுந்து மணிகள் உப்பி வெடித்துவிடும். 100 மில்லி தண்ணீருக்கு 12 கிராம் சர்க்கரை கரைத்து, ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்துக்கொண்டேன். அந்த அடர்த்தியில் உள்ளேயும் வெளியேயும் இழுப்பு ஏறக்குறைய சமமாகிவிடும், மணி உருக்குலையாமல் நிற்கும். பாலக் கீரை நாலு இலையைக் காம்பும் நரம்பும் நீக்கிக் கிள்ளி, அந்தக் குளிர்ந்த சர்க்கரைத் தண்ணீரில் சின்ன அம்மியில் நசுக்கி, பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டினேன். அம்மியையும் முன்கூட்டியே குளிர வைத்துவிட வேண்டும். வடிகட்டிய பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டுதான் வில்லைக்குத் தேவை. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போகிற ஊரில் பிறந்தவள் நான். கரும்பு இலையின் பசுங்கணிகம் செய்த சர்க்கரை, கீரையின் பசுங்கணிகத்தை உடையாமல் காப்பாற்றுகிறது என்பதை வகுப்பில் சொன்னபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

40 மடங்கில் பார்த்தேன். வழவழப்பான பச்சை வட்டங்கள், உள்ளே ஒன்றும் இல்லை. 100 மடங்கு, எண்ணெய், வெள்ளை ஒளி: ஏதோ சொரசொரப்பு இருக்கிற மாதிரி ஒரு சந்தேகம். இங்கேதான் ஒரு யோசனை வந்தது. பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சும். சிவப்பு விளக்கின் கீழ் பச்சை இலை கறுப்பாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். அப்படியானால் கீழே இருக்கும் விளக்கைச் சிவப்பாக்கினால் பச்சையம் அடர்ந்த இடம் மட்டும் கறுக்க வேண்டும், ஸ்ட்ரோமா வெளுத்துத் தெரிய வேண்டும். மேடை விளக்குக்குப் போடும் சிவப்பு ஜெலட்டின் தாள் ஒரு துண்டு வாங்கி, வட்டமாக வெட்டி விளக்கின் மேல் வைத்தேன். டயஃப்ரத்தைப் பாதி அளவுக்கு மேல் கொஞ்சம் திறந்தேன். நுண்திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன்.

தெரிந்தது. மங்கின சிவப்பு வட்டத்துக்குள் கறுப்புப் புள்ளிகள், நாற்பது ஐம்பது இருக்கும். எண்ணலாம் என்று தொடங்கினால் திருகு அசைந்ததும் சில மறையும், வேறு சில வரும், ஏனென்றால் அவை வேறு வேறு ஆழத்தில் இருக்கின்றன. அவைதான் கிரானாக்கள். கிரானம் ஒன்றின் குறுக்களவு 300 முதல் 600 நானோமீட்டர் வரை இருக்கும். சிவப்பு ஒளியை 650 என்று வைத்து மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 40 மடங்கு லென்ஸின் எல்லை 500, அதில் தெரியாதது நியாயம். 100 மடங்கு லென்ஸுக்கு 260, அதில் மட்டுக்கு மட்டாகத் தெரிகிறது. மூன்று வாரம் காத்திருந்தது இதற்குத்தான். அன்று கேள்வி கேட்ட பெண்ணை அடுத்த நாள் மதியம் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "மிஸ், எள்ளுருண்ட மாதிரி இருக்கு" என்றாள். அந்த உவமை இப்போது எங்கள் பள்ளியில் நிலைத்துவிட்டது.

1883ல் ஆர்தர் மேயர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளரும் இதே புள்ளிகளைப் பார்த்துத்தான் கிரானா என்று பெயர் வைத்தார். எலக்ட்ரான் நுண்ணோக்கி வருவதற்குக் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் முன்பு அது. அவர் கையில் இருந்ததும் ஒளி நுண்ணோக்கிதான். அதே இடத்தில், அதே எல்லையில் நின்று ஒரு பதினாறு வயதுப் பெண் பார்க்கிறாள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

கரும்புக்கு வருகிறேன். தோகையை மெல்லியதாகச் சீவ வேண்டும்; ஒரு கேரட்டைக் கீறி நடுவில் தோகைத் துண்டைச் செருகி, புது ஷேவிங் பிளேடால் கேரட்டோடு சேர்த்துச் சீவினால் பத்தில் ஒன்று நன்றாக அமையும். 10 மடங்கிலேயே கண்ணைப் பறிக்கிறது. ஒவ்வொரு நரம்பையும் சுற்றிக் கரும்பச்சை வளையம், அந்த வளையத்தைச் சுற்றி இன்னொரு வரிசை வெளிர்பச்சைச் செல்கள். ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த அண்ணனைக் கூப்பிட்டு, "அண்ணே, இத வந்து பாருங்க, உங்க வயல் தோகதான்" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "என்ன பாப்பா, வளையல் கட மாதிரி இருக்கு" என்றார். இந்த அமைப்புக்குக் கிரான்ஸ் என்று பெயர், ஜெர்மன் மொழியில் மாலை என்று அர்த்தம். அண்ணன் சொன்னதும் குறைந்ததில்லை.

வளையத்துச் செல்களில் இருக்கும் பசுங்கணிகங்களில் கிரானா அடுக்கு அநேகமாகக் கிடையாது, சவ்வுகள் அடுக்காமல் நீளநீளமாக ஓடும். வெளிவரிசையில் இருப்பவற்றில் அடுக்கு உண்டு. இதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை விடும் இரண்டாம் ஒளித்தொகுப்பு என்ற புரதக் கூட்டம் அடுக்குகளில்தான் அதிகம். வளையத்துக்குள் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதி இருக்கிறது, அது பக்கத்தில் ஆக்சிஜன் நிறைய இருந்தால் தடுமாறி அதைப் பிடித்துவிடும். அதனால் கரும்பு அந்த அறையில் ஆக்சிஜன் வேலையையே குறைத்துவிட்டது. கரும்பு போன்ற செடிகள் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் இந்தத் தனி வழித்தடத்தை ஹேட்சும் ஸ்லாக்கும் ஆஸ்திரேலியாவில் 1966ல் விளக்கினார்கள்; அதற்கு ஆரம்பத் தடயம் கிடைத்ததும் கரும்பில்தான், ஹவாயில். அண்ணனிடம் இதைச் சொன்னேன். சித்திரை வெயிலில் நெல் திணறும்போது கரும்பு ஏன் தளதளவென்று நிற்கிறது என்று அவரே அடுத்த கேள்வியைக் கேட்டார். இந்தக் கருவியில் வெளிவரிசைச் செல்லின் மணிகள் சொரசொரப்பாகவும் வளையத்து மணிகள் வழவழப்பாகவும் தெரிவது உண்மை. ஆனால் சீவின துண்டு மெல்லியதாக அமைந்த நாளில் மட்டும்தான். முப்பது துண்டு சீவினால் இரண்டில் தெளிவாகத் தெரிந்தது.

பச்சையமே வெளியே விடும் சிவப்பு வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும், பிள்ளைகள் அதிகம் கேட்பது அதைத்தான். அதே பாலக்கை மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் அரைத்து வடிகட்டுங்கள். இருட்டில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச்சை அதில் அடியுங்கள். பச்சைத் திரவம் மாதுளைச் சாறு மாதிரிச் சிவப்பாக ஒளிரும். அதே டார்ச்சை முழு இலையில் அடித்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காரணம் சவ்வுதான். இலைக்குள் பச்சையம் தைலக்காய்டு சவ்வில் புரதங்களோடு அதனதன் இடத்தில் பதிந்திருக்கிறது. வாங்கின ஒளியை உடனே பக்கத்துக்குக் கைமாற்றி வேலைக்கு அனுப்பிவிடும், நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் சிவப்பு ஒளியாகக் கசியும். ஸ்பிரிட் சவ்வைக் கரைத்துவிட்டது. வாங்கின ஒளியைக் கொடுக்க ஆள் இல்லாமல் பச்சையம் அதைத் திரும்ப வெளியே விடுகிறது. சவ்வைப் பார்க்க முடியாவிட்டாலும் அது என்ன வேலை செய்கிறது என்பதை ஒரு கண்ணாடி டம்ளரில் காட்ட முடிகிறதே என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

அந்தக் கசியும் சிவப்பை நுண்ணோக்கியிலும் பிடிக்கலாம் என்று முயன்றேன். நீல எல்இடி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, கண்ணருகு லென்ஸில் சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாக வைத்து, கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து, மொபைல் கேமராவில் எட்டு வினாடி திறப்பு வைத்து எடுத்தேன். வேலம்பாசியின் மணிகள் அடுப்பில் நீறு பூத்த கங்கு மாதிரி மங்கலாக வந்தன. மணிகள் ஓடுவதால் கொஞ்சம் கோடிழுத்தது. இதற்கென்று செய்த ஒளிர்வு நுண்ணோக்கியின் விலை லட்சங்களில் இருக்கும், அதில் கிரானாக்களே தனித்தனிப் பொட்டாக ஒளிரும். இந்தக் கருவியில் அதை எதிர்பார்க்க வேண்டாம். செய்து பார்ப்பவர்கள் நீல டார்ச்சை நேராகக் கண்ணுக்கு வரும்படி வைக்காதீர்கள், கேமராவை மட்டும் வையுங்கள்.

பாடப் புத்தகப் படத்தில் இருக்கும் நாணய அடுக்கு தெரியுமா என்று கேட்டால், தெரியாது. எந்த விலைக்கு வாங்கினாலும் இந்த வகை நுண்ணோக்கியில் தெரியாது. ஒரு தைலக்காய்டு சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர் அளவுதான். என் நல்ல லென்ஸின் எல்லையான 220க்குள் அதில் நாற்பதை அடுக்கிவிடலாம். அந்தப் படம் வந்தது எலக்ட்ரான் நுண்ணோக்கியிலிருந்து. 1931ல் பெர்லினில் ருஸ்காவும் நோலும் முதல் கருவியைக் கட்டினார்கள். இலைத் துண்டை குளுட்டரால்டிஹைடில் ஊறவைத்து, ஆஸ்மியம் டெட்ராக்சைடு ஏற்றி, தண்ணீரை முழுக்க எடுத்து, பிசினில் இறுக்கி, வைரக் கத்தியால் 70 நானோமீட்டர் போலச் சீவி, வெற்றிடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அந்தச் சீவலில் அடுக்கு தெரிந்தது, தைலக்காய்டு என்ற பெயரும் அப்புறம்தான் வந்தது. வில்ஹெல்ம் மென்கே 1960களின் தொடக்கத்தில் வைத்த பெயர், கிரேக்கத்தில் பை என்று அர்த்தம். இப்போது திசுவை ஐஸ் படிகம் உருவாக நேரம் தராமல் நொடியில் உறைய வைத்து அப்படியே பார்க்கிறார்கள். அந்த முறைக்கு 2017ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதில் சவ்வின் மேல் பதிந்திருக்கும் ஒளித்தொகுப்புகளையே ஒவ்வொன்றாக அடையாளம் காண்கிறார்கள். தனித்தனி நாணயங்கள் என்று நான் வரைந்துகொண்டிருந்ததும் முழுச் சரியில்லை. பசுங்கணிகத்துக்குள் இருப்பது அடுக்குகளும் இணைப்புகளுமாக மடிந்து சுற்றிய ஒரே தொடர் சவ்வு. இப்போது வகுப்பில் ஒரு நீளமான பட்டுத் துணியை மடித்துக் காட்டித்தான் நடத்துகிறேன்.

இந்தக் கருவியை நம் கடற்கரை ஊரில் வைத்திருப்பதற்கு வருகிறேன், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலை மாதிரி இழை ஓடும், கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் போகாது. ஃபெஞ்சல் புயல் மழையும் அதை ஒட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும், 2024 டிசம்பர் முதல் வாரம், கடலூரில் யாருக்கும் மறக்காது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கருவியைப் பரணில் ஏற்றினேன், 4 மடங்கு தவிர மற்ற லென்ஸ்களைக் கழற்றி, பிளாஸ்டிக் அரிசி டப்பாவில் சிலிகா ஜெல் பைகளோடு மூடி வைத்தேன். அவை தப்பின. கருவியிலேயே விட்டிருந்த 4 மடங்கு லென்ஸின் ஓரத்தில் மட்டும் இரண்டு இழை ஓடியிருக்கிறது. இன்றுவரை சிலிகா ஜெல் நீலமாக இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பார்க்கிறேன், இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் வறுத்து மறுபடி போடுகிறேன். கருவியோடு வரும் துணி உறை தூசிக்குத்தான் ஆகும், ஈரத்துக்கு ஆகாது. எண்ணெய் லென்ஸை வேலை முடிந்த உடனே லென்ஸ் தாளால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தேங்காய் எண்ணெயை ஒருபோதும் விடாதீர்கள், ஒருவர் கேட்டார் என்பதால் சொல்கிறேன்.

மற்ற குறைகள் சின்னவை. எல்இடி விளக்கு கொஞ்சம் நீலம் கலந்த வெள்ளை, பச்சையின் உண்மையான நிறம் தெரிய மெல்லிய மஞ்சள் தாள் வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்தில் வில்லை நகர்த்தும் திருகு தளர்ந்தது, ஆலன் சாவியால் நானே முடுக்கினேன். 20 மடங்கு கண்ணருகு லென்ஸைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். கவர் ஸ்லிப் மட்டும் நல்லதாக, 0.17 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதாக, தனியாக வாங்குங்கள். கூட வருவது தடித்தது, 40 மடங்கிலேயே படத்தைக் கெடுக்கிறது.

14,200 ரூபாய்க்குக் கிரானா வரை கொண்டுபோய் நிறுத்துகிறது. அதற்கு இது தகும் என்று நிச்சயமாகச் சொல்வேன், 100 மடங்கு லென்ஸைக் கடையிலேயே சோதித்து வாங்கினால். வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் இவ்வளவு கனமும் செலவும் வேண்டாம்.

அடுத்து வெற்றிலையைப் பார்க்க இருக்கிறேன். நிழலில் வளரும் செடிகளில் கிரானா அடுக்குகள் வெயில் செடிகளைவிடத் தடித்திருக்கும். அண்ணன் வீட்டுக் கிணற்றடியில் ஒரு கொடி படர்ந்திருக்கிறது. சிவப்புத் தாளில் அதன் புள்ளிகள் பாலக்கைவிட அழுத்தமாகத் தெரிகின்றனவா என்று, எள்ளுருண்டைப் பெண்ணும் அவள் தோழிகள் இரண்டு பேரும் வருகிற சனிக்கிழமை சர்க்கரைத் தண்ணீரோடு வருகிறார்கள்.